ஆணிக் கோடு

மரம் அறுக்கிற சாமில்லுக்கு எதிரே லாட்ஜ் நடத்துகிறவனை ஊரார் ரம்பம் என்று கூப்பிட்டால், மில்லை வைத்து வந்த பெயர் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். என் வாயை வைத்து வந்த பெயர் அது. சாவி வாங்க ஒருத்தர் வந்து நின்றால் அவருடைய தாத்தா ஊர் வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். நிஜ ரம்பத்தின் முன்னால் நிற்கிற மனுஷன் எதிர் மில்லில் இருந்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று கேலி பண்ணுவோம்.

மில்லுக்குக் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் டீ என் லாட்ஜின் கீழ்க்கடையிலிருந்துதான் போகும். நானே எடுத்துக்கொண்டு போவேன். போகிற இடத்தில் பேசலாமே. ஒருநாள் ரம்பக்காரரின் பெண்டாட்டி டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டா உங்க சொத்து கரைஞ்சிடுமா?" என்றாள். அண்ணே என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதாதா? அன்றிலிருந்து அவர் எனக்கு மாப்பிள்ளை, நான் அவருக்கு மச்சான்.

இருவருக்கும் ஒரே மேசையில்தான் வேலை. இடுப்பு உயர இரும்பு மேசை, நடுவில் பாதி வெளியே தெரிகிற வட்ட ரம்பம். இந்தப் பக்கம் நின்று அவர் பலகையைத் தள்ளுவார். அந்தப் பக்கம் நின்று அவள் இழுப்பாள். அறுக்கிறதற்கு முன்னால் காவியில் தோய்த்த நூலைப் பலகைமேல் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவதும் அவள்தான். தகரக் கூரைக்குக் கீழே மரத்தூள் எப்போதும் பறந்துகொண்டிருக்கும்; அவள் புருவமே மஞ்சளாக இருக்கும். அவளுக்கு எதிரே நாள் முழுக்க முதலில் பலகை வரும், அதற்குப் பின்னால் புருஷனின் கை வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாலு மணி டீயின்போது அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"மச்சான், உன் மூஞ்சியைப் பாத்தா மூஞ்சி தெரியல. காது ரெண்டும் தெரியுது."

"பாக்கவேண்டிய மூஞ்சியா இது? விடுங்க மாப்ளே."

சிரித்தேன், பாவி. அவர் சிரிக்கவில்லை. பார்க்கிற இடத்தில் ஒரு ஓட்டை, ஓரங்களில் மட்டும் வெளிச்சம் என்றார். அவள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு போகிறது, கண்ணாடிக்கும் அடங்காது, ஆபரேஷனுக்கும் அடங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மழைக்காலத்தில் ஈர மரத்தில் காவி கரைந்துவிடும். அப்போது மட்டும் கோட்டின்மேல் ஆணியால் கீறிவிடுவது மில்லில் வழக்கம். அந்த வருஷம் மழை நின்ற பிறகும் அவள் கீறுவதை நிறுத்தவில்லை. அவர் இடது கட்டைவிரலை ரம்பத்துக்கு நாலு அங்குலம் முன்னால் பலகைமேல் வைத்துக்கொள்வார். பலகை நகர நகர, ஆணிக் கோடு விரலுக்கு அடியில் ஓடும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கடைக்கண்ணால் பார்ப்பார். பலகை முடியப்போகிற நேரம் அவள் எதிரிலிருந்து "வந்துடுச்சு!" என்று கத்துவாள். கையை எடுத்துவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று. முதலாளி அவர் அறுத்த பலகையைத் தடவிப் பார்த்து, இவன் கை கை இல்லையப்பா என்று மெச்சிக்கொண்டு போவார்.

முதலாளி கெட்டவர் இல்லை. பெரிய ரம்பத்தில் ஒருத்தனுக்கு நாலு விரல் போனபோது ஆஸ்பத்திரியில் கூடவே உட்கார்ந்திருந்தவர். அதற்கப்புறம் ஒரு சட்டம் போட்டிருந்தார்: கண், காது, குடி, இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளையின் வேலை போகும். தெரியாவிட்டால் ஒருநாள் கை போகும். இரண்டில் ஒன்று நடக்கத்தான் போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எது முதலில் என்பதுதான் தெரியாது.

"நீயே போய்ச் சொல்லிட்டு விலகிடேன்யா," என்று அவள் ஒருநாள் மரத்தடிமேல் உட்கார்ந்து டீ குடிக்கும்போது கெஞ்சினாள். "பலகை அடுக்கலாம், தூள் அள்ளலாம். எத்தனை வேலை கிடக்கு."

"பத்து விரல் இருக்குல்ல?"

"இன்னைக்கு இருக்கு."

"நீ கோட்டைக் கீறு. நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறாராம்! கேட்டீங்களாண்ணே?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "ரம்பத்தை விட்டுட்டா நான் யாருடி?" என்று கேட்டார். 

இந்த நேரத்தில்தான் படக்காரர் வந்து என் லாட்ஜ் மாடியில் மூன்றாம் நம்பர் அறையில் இறங்கினார். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் அங்கங்கே இருக்கிற மனிதர்களை வரைகிறவர். நம் பேச்சைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். வந்ததும் வராததுமாக, "ஐயா, எனக்கு வெந்நீர் தேவைப்படுகிறது," என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதற்கென்ன, தருகிறேன்," என்று நானும் அதே பாஷையில் சொல்லிவிட்டு இரண்டு நாள் ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்து படங்களைக் கட்டில்மேல் பரப்பிக் காட்டினார். பனியில் மான் மேய்க்கிறவர்கள், பாலைவனத்தில் தண்ணீர் இறைக்கிற பெண்கள், படகில் வலை இழுக்கிறவர்கள், மலையில் கல் உடைக்கிறவர்கள். துணியும் மணியும் தொப்பியும் அவ்வளவு அழகு. ஆனால் முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ உறுத்தியது. ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே கண். பெரிய, ஈரமான மாட்டுக் கண். உதட்டில் ஒரே சோகச் சிரிப்பு.

"என்ன சார் இது? பனியில இருக்கிறவனும் மணல்ல இருக்கிறவனும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்களே."

"மனிதர்கள் அனைவரும் ஒன்றுதான், ஐயா."

"ஒண்ணுதான். அதுக்காக எல்லாருக்கும் ஒரே மூக்கையா ஒட்டுவீங்க? பனியில இருக்கிறவன் கண்ணை இடுக்கிட்டுத்தானே பாப்பான்? ஆளைப் பாருங்க சார். பாத்துட்டு வரைங்க."

அவர் முகம் சிவந்தது. அப்புறம் நிதானமாகப் படங்களைப் பெட்டிக்குள் அடுக்கினார். நான் கீழே இறங்கி வந்து, ஒரு பெரிய ஓவியருக்கே பாடம் எடுத்துவிட்டு வருகிறேன் என்று கடையில் இருந்த நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் நாற்பது பேர் ஆனது என் கைங்கரியம்தான்.

அடுத்த வாரம் அவர் மில்லுக்குப் போய் ரம்பக்காரரை வரைய வேண்டும் என்று கேட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னார். யாருமே கட்டாத ஒரு துணியைத் தலையில் கட்டச் சொன்னார். "சட்டையில்லாம ரம்பத்துக்கு முன்னால நின்னா தூள் உடம்பைப் பிடுங்கிடும். எவன் நிப்பான்?" என்று மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"வேணாம்ணே. இத்தனை நேரம் உத்துப் பாத்தா கண்ணைக் கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

"அட, நீ ஒண்ணு! அவர் வரையிற ஆளு எல்லாருக்கும் மாட்டுக் கண்ணு தங்கச்சி. படத்தை லைப்ரரி ஹால்ல மாட்டப்போறாரு. முதலாளி வந்து பாப்பாரு. அவ்வளவு பெரிய கண்ணைப் பாத்தா அவருக்குச் சந்தேகமே வராது. நல்லதுதானே?"

அவள் மரத்தூளைக் காலால் ஒரு ஓரமாகத் தள்ளினாள்.

"அவரு பாக்கிறதை வரையிறாரா, நினைக்கிறதை வரையிறாரா?"

"நினைக்கிறதைத்தான். நான் சொல்லியும் திருந்தலை."

அவளே புருஷனிடம் போய்ப் பேசினாள். சட்டையோடுதான் நிற்பேன் என்கிற நிபந்தனையில் அவர் சம்மதித்தார். நாலு நாள் படக்காரர் மில்லின் வாசலில் ஸ்டாண்டைப் போட்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வரைந்தார். மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தேன். மேசை, ரம்பம், தூள் பறக்கிற வெயில், எல்லாம் அச்சு அசல். நடுவில் மாப்பிள்ளை மாட்டுக் கண்ணோடு எங்களைப் பார்த்துச் சோகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. அவளையும் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

அதற்கப்புறம் படம் மாடி அறைக்குப் போய்விட்டது. நான் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். காயவில்லை என்றார்.

லைப்ரரி ஹாலில் படங்களை மாட்டிய அன்று ஊரே திரண்டு வந்தது. படக்காரர் ஒரு தாளைப் பார்த்து நாலு வரி பேசினார். "பல நாடுகளுக்குச் சென்றேன். பல மக்களை வரைந்தேன். ஆனால் இந்த ஊரில்தான் ஒருவர் எனக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்," என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுந்து நின்று எல்லாப் பக்கமும் தலையாட்டினேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் மாப்பிள்ளை மட்டும் எதையோ கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள்.

முதலாளி மில் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்று, "எப்படி நம்ம வேலை? நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஆளைப் பாத்து வரைங்கன்னு," என்றேன். சொன்ன பிறகுதான் படத்தைப் பார்த்தேன்.

மாட்டுக் கண்ணைக் காணோம். சிரிப்பைக் காணோம். மாப்பிள்ளை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, எதையும் பார்க்காமல் நின்றார். இடது கட்டைவிரல் ரம்பத்துக்கு முன்னால் பலகைமேல் அழுந்தி இருந்தது. அதற்கடியில் வெயில் பட்டு மின்னுகிற மாதிரி மெல்லிய ஒரு கீறல்.

"இவன் எங்க பாக்குறான்?" என்றார் முதலாளி.



"காஞ்ச மரத்துக்கு எதுக்கு ஆணி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மறுபடியும் குனிந்து பார்த்தார். அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் பத்து மணி டீயோடு நான் போனபோது முதலாளி மேசைப் பக்கத்தில் நின்றிருந்தார். அவளைப் பின்கட்டுக்குப் பலகை அடுக்க அனுப்பிவிட்டார். கோட்டை அவரே காவியால் போட்டார். ஆணி இல்லை. எதிரில் இழுக்க வேறொரு ஆளை நிறுத்தி, வாயைத் திறக்கக் கூடாது என்று ஜாடை காட்டினார். மாப்பிள்ளையின் கட்டைவிரல் பலகைமேல் முன்னும் பின்னும் தேடியது. தடவித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தள்ள ஆரம்பித்தார். கோடு ஒரு பக்கம் போக, ரம்பம் ஒரு பக்கம் போயிற்று. பலகை முடிகிற இடம் வந்தது. யாரும் கத்தவில்லை. கை வந்துகொண்டே இருந்தது. நான் டீப் போணியைக் கீழே போட்டுவிட்டேன். முதலாளி ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். ரம்பம் அவ்வளவு சீக்கிரம் நிற்காது. மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்ததும் அவர்தான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார் முதலாளி.

மாப்பிள்ளை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை நாளாடா? உன் கை போயிருந்தா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன் பொண்டாட்டி முன்னால நிப்பேன்?" என்று கத்தினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அன்றே வேலை போய்விட்டது. அவள் மில்லில் பலகை அடுக்குகிற வரைக்கும் மில் குடியிருப்பிலேயே இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். இதற்குமேல் ஒரு முதலாளி என்ன செய்வார்? யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நான் என்னையே திட்டிக்கொண்டேன். படக்காரர் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஒரு மாதம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் மில் சங்கு ஊதினதும் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாராம். சாயந்திரச் சங்குக்குச் சட்டையைக் கழற்றுவாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் பின்கட்டில் அவள் தனியாகப் பலகைகளுக்கு நடுவில் குச்சி வைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீங்க என்னைக்கு ஒண்ணு மட்டும் சொல்லியிருக்கீங்க?"

"என் வாய்தான் உங்க குடும்பத்தைக் கெடுத்துடுச்சு. ஆளைப் பாத்து வரைன்னு அந்த மனுஷன்கிட்ட நான்தானே சொன்னேன்? இல்லேன்னா அந்த மாட்டுக் கண்ணையே வரைஞ்சிட்டுப் போயிருப்பான்."

அவள் கையிலிருந்த குச்சியை வைத்துவிட்டுச் சுற்றும் பார்த்தாள்.

"நீங்க இல்லண்ணே."

"பின்னே?"

"நீங்க சொல்லி அவரு எங்க மாத்தினாரு? மூணாம் நாள் நாம பாத்தப்ப அதே கண்ணுதானே இருந்துச்சு. அதுக்கு மறுநாள் நாலு மணி டீக்கு நான் இல்ல. கவனிச்சீங்களா?"

"தண்ணி பிடிக்கப் போயிருக்கேன்னு மாப்ளே சொன்னாரே."

"படக்காரரு அன்னைக்குச் சீக்கிரமே படத்தைத் தூக்கிட்டு ரூமுக்குப் போயிட்டாருல்ல? உங்க லாட்ஜுக்குத்தான் போனேன். ஆணி கீறின துண்டுப் பலகை ஒண்ணை எடுத்துட்டுப் போனேன். அவரு விரலைப் பிடிச்சு அந்தக் கோட்டுமேல வச்சேன். நான் சுவத்துப் பக்கம் திரும்பி நின்னு, இவரு இப்படித்தான் பாப்பாருன்னு காட்டினேன். புரிஞ்சுபோச்சு.  அப்புறம், 'இதனால் அவருக்குத் தீங்கு வருமா'ன்னு கேட்டாரு. வராதுன்னு சொன்னேன்."

 அடுக்கின பலகைமேல் உட்கார்ந்தேன்.

"முதலாளிகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, உன் பொண்டாட்டிதான் சொன்னான்னு ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் அவரு வாயில வந்திருக்கும். படத்தைப் பாத்து அவரே கண்டுபிடிச்சா யாரும் காட்டிக்கொடுத்ததா ஆகாதுல்ல? இவராலயும் அந்தப் படத்தைப் பாக்க முடியாது." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம்ணே. எதிர்ல நின்னு அந்தக் கை வர்றதைப் பாத்தேன். தூங்கினாலும் கைதான் வரும், ஆள் வரமாட்டாரு. நான் கீறுற கோட்டைப் பிடிச்சுக்கிட்டுத்தானே அந்தக் கை ரம்பத்துக்கு வருது? இதை நானே செஞ்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கிறது?"

"மாப்ளேக்குத் தெரியுமா?"

"நீங்கதான் சொல்லிட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. ஊரும் அதைத்தான் சொல்லுது. ஹால்ல எழுந்து நின்னு தலையாட்டினீங்கல்ல?" குச்சியை மறுபடி கையில் எடுத்தாள். "அது அப்படியே இருக்கட்டும்ணே."

 இது என்ன நியாயம்? இவள் செய்ததற்கு நான் சுமப்பதா? கத்தவேண்டும்போல இருந்தது. "நான் என்ன இளிச்சவாயனா?" என்று கேட்டேவிட்டேன்.

"என் கையால ஊட்டுற சோத்தை மட்டும்தான் சாப்பிடுறாரு," என்றாள். "அதையும் தள்ளிட்டா நான் என்ன பண்ணுவேன்?"



மில்லுக்கு வாரவிடுமுறை விட்ட ஒரு காலையில், மனசு கேட்காமல் டீ எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் மில் கூரை. மாப்பிள்ளை சட்டை போட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அவள் ஸ்டவ் பக்கத்தில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் தலையைச் சாய்த்தார்.

"யாரு, லாட்ஜுக்காரனா?"

"நான்தான் மாப்ளே."

"முறை வச்சுக் கூப்பிடாதே. ஒரே ஒரு கேள்விதான். நீ சொன்னியா, இல்லையா?"

நான் அவளைப் பார்த்தேன். கத்தி ரொட்டியில் பாதியில் நின்றிருந்தது. நாலு வார்த்தை போதும், நான் கை கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். என் ஆயுசில் வாயை அடக்க அவ்வளவு பாடுபட்டதில்லை.

"சொன்னேன்," என்றேன்.

"ஏன்?"

"வாய் சும்மா இருக்கல."

அவர் இரண்டு கையையும் விரித்து என் முன்னால் நீட்டினார். தழும்பும் காய்ப்புமாகப் பத்து விரலும் முழுசாக இருந்தன.

"பாத்துக்க. பத்தும் இருக்கு. ரெண்டு மூணு போயிருந்தாலாவது வேலை செஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பேன். இப்ப எதைச் சொல்லிக்கிட்டு உக்கார்றது? சொல்லேன். நல்லாப் பேசுறவனாச்சே நீ."

 டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் ரொட்டியோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம்யா," என்றார்.  "வெயில் மழை பாக்காம கோடு கீறிக் கொடுத்தா. யார்கிட்டயும் மூச்சு விடல. இந்த ஊர்ல என்னைக் காட்டிக்கொடுக்காத ஒரே ஆள் இவதான். இவ இருக்காளேன்னுதான் காலையில கண்ணையே தொறக்கிறேன்."

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"சொல்லுடி அவன்கிட்ட, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு."

 அவர் பிடியை இறுக்கினார்.

"சொல்லு."

"இனிமே வராதீங்க," என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.